மாதிரி வீட்டுக்காரர்கள்

ஜூன் 8, ஞாயிறு

இன்று நான் ஐ.டி. கம்பெனியில் வேலை பார்த்தேன். வேன் வந்ததிலிருந்து வேன் திரும்பும்வரை. மாடி பால்கனியில் நாற்காலி, மடியில் லேப்டாப், காதில் ஹெட்போன். லேப்டாப் ஓடாது. தீனா சார் கொடுக்கும்போதே சொல்லிவிட்டார், "ஆன் பண்ணிப் பாக்காதம்மா, உள்ள ஒண்ணும் கிடையாது. தட்டிட்டு மட்டும் இரு." தட்டினேன். கீழே பதினைந்து இருபது பேர் அண்ணாந்து பார்த்தார்கள். இங்கே நெட் எவ்வளவு வேகம் என்பதற்கு அந்தப் பெண்ணே சாட்சி, வீட்டிலிருந்தபடியே அமெரிக்காவுக்கு வேலை செய்கிறாள் என்று சார் அவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு ஆள் எனக்குக் கை காட்டினார். நானும் காட்டினேன்.

பி.காம். முடித்து இரண்டு வருஷம். கிடைத்த முதல் வேலை இதுதான்.

ஜூன் 9, திங்கள்

நேற்று எழுதியதைப் படித்தால் யாருக்கும் ஒன்றும் விளங்காது. யாரும் படிக்கப் போவதில்லை, இருந்தாலும்.

இந்த இடத்தின் பெயர் ஸ்ரீ நந்தவனம் அவென்யூ. செங்கல்பட்டைத் தாண்டி மேற்கே, முன்பு நெல் விளைந்த நிலம். தார் ரோடு இருக்கிறது, தெருவிளக்கு இருக்கிறது, ஊஞ்சல் போட்ட பூங்கா இருக்கிறது, ஆட்கள்தான் இல்லை. மனை வாங்கியவர்கள் விலை ஏறட்டும் என்று புல் வளர்க்கிறார்கள். கட்டி முடித்த வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. வாசலில் பெரிய போர்டு: ‘நல்ல குடும்பங்கள், நல்ல அக்கம்பக்கம்.’ ஒரு குடும்பம்கூட இல்லாத இடத்தை அப்படிச் சொல்லி விற்க முடியுமா? அதனால் கம்பெனி ஒரு குடும்பத்தைக் கொண்டுவந்து வைத்தது. அது நாங்கள்.

அப்பா கம்பெனி வேன் ஓட்டுகிறார். ஞாயிற்றுக்கிழமை தாம்பரத்திலிருந்து ஆட்களை ஏற்றிவந்து, மனையைக் காட்டி, சாம்பார் சாதம் போட்டு, திரும்ப இறக்கிவிடுவது. விற்பனை மேனேஜர் தீனதயாளன் சார்தான் அப்பாவிடம் இதைக் கேட்டார். மாதிரி வீட்டில் வாடகை இல்லாமல் தங்கிக்கொள்ளலாம். காலையில் கோலம், மாலையில் எல்லா அறையிலும் விளக்கு, கொடியில் துணி. துணி என்றால் கைலி, நைட்டி கூடாது. சுடிதார், சட்டை, சின்னக் குழந்தை கவுன். மீன் சமைக்கக் கூடாது, வாசம் சுவரில் ஏறிவிடும். ஃபிரிட்ஜ் ஸ்டிக்கரைக் கிழிக்கக் கூடாது. கேட்டால் இரண்டு வருஷமாக இருக்கிறோம் என்று சொல்ல வேண்டும். எந்த ஊர் என்று கேட்டால் திருவண்ணாமலைப் பக்கம். சென்னை ஆற்றங்கரைக் குடிசையிலிருந்து லாரியில் ஏற்றி, ஊருக்கு வெளியே அரசு கட்டிய வாரியக் குடியிருப்பின் ஆறாவது மாடியில் கொட்டப்பட்டவர்கள் என்று சொல்லவே கூடாது.

அம்மாவிடம் தீனா சார் தனியாகச் சொன்னது: "கஸ்தூரிம்மா, ‘இன்னா’ன்னு சொல்லாதீங்க. ‘என்ன’ங்க. அவ்ளோதான். மத்தபடி நீங்க பாக்க அம்சமா இருக்கீங்க."

அம்மாவுக்கு அவமானமே இல்லை. சமையலறைக்கும் குளியலறைக்கும் மாறி மாறிப் போய்க் குழாயைத் திறந்து மூடிக்கொண்டிருந்தாள். "ரூமுக்கு ஒரு கொழாய் கீதுடி வினோ. தெறந்தா வருது." ஆறாவது மாடிக்குக் குடம் தூக்கிய தோள் அவளுடையது. ஒத்துக்கொள்கிறேன். அதற்காக இப்படியா?

எனக்குத் தனி அறை. உள்தாழ்ப்பாள் இருக்கிறது.

ஜூன் 15, ஞாயிறு

குழந்தை இல்லாமல் குடும்பம் முழுமையாக இல்லை என்று தீனா சார் குறைப்பட்டார். அப்பா காலையில் வேனில் ரித்திகாவை ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். அமுதா சித்தியின் மகள், ஏழு வயது. அம்மாவின் தங்கை அமுதா. ஆற்றங்கரையில் வீடுகளைக் கணக்கெடுத்தபோது வேலைக்குப் போயிருந்ததால் பெயர் விட்டுப்போய், பத்து வருஷமாக வாரிய வீட்டுக்கு மனு போடுகிறவள். சித்தப்பா இல்லை. நாங்கள் இங்கே வந்ததும், காலியான எங்கள் ஆறாவது மாடி வீட்டில் அவளும் ரித்திகாவும் ஏறிக்கொண்டார்கள். அதனால் இங்கிருந்து விரட்டினால் அந்த ஒற்றை அறையில் ஐந்து பேர் என்று அப்பா அடிக்கடி ஞாபகப்படுத்துகிறார்.

ரித்திகாவுக்குக் கம்பெனி சைக்கிள் கொடுத்தார்கள். பாட்டி என்று அம்மாவைக் கூப்பிடச் சொல்லிக்கொடுத்தார்கள். பெரியம்மாவைப் பாட்டியாக்கியதில் அவளுக்கு ஒரே சிரிப்பு. வேன் போன பிறகும் ஊஞ்சலைவிட்டு இறங்கவில்லை.

இன்று வந்தவர்களில் ஹேமலதா டீச்சர் என்று ஒருவர், கணவர் சுந்தரேசன் இன்சூரன்ஸில் இருக்கிறார். மற்றவர்கள் மனையைப் பார்த்தார்கள்; டீச்சர் அம்மாவைப் பார்த்தார். சமையலறைவரை வந்து, நீங்க எந்தப் பக்கம், பூஜை அறையில் என்ன படம், பக்கத்தில் யார் யார் இருக்கிறார்கள், ‘ஒரு மாதிரியான’ ஆட்கள் யாரும் இல்லையே என்று சுற்றிச் சுற்றி ஒரே விஷயத்தைக் கேட்டார். அம்மா சிரித்துக்கொண்டே எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள். அப்புறம் யாரும் சொல்லிக்கொடுக்காத ஒன்றையும் சொன்னாள். இங்கே வந்த பிறகுதான் அவளுக்குப் படுத்ததும் தூக்கம் வருகிறதாம்.

டீச்சர் அங்கேயே அட்வான்ஸ் கொடுத்துவிட்டார்.

பொய்யை ஆயிரம் பேர் சொல்லலாம். அதில் ஓர் உண்மையைக் கலந்து சொல்கிறவர்கள்தான் ஆபத்தானவர்கள். என் அம்மா அதைத் தெரியாமலே செய்கிறாள்.

ஜூன் 29, ஞாயிறு

தட்டினேன்.

ஜூலை 27, ஞாயிறு

ஆடி மாதம். யாரும் மனை வாங்க வருவதில்லை. கம்பெனி ஆடித் தள்ளுபடி என்று பேனர் கட்டியிருக்கிறது. வேனில் மூன்று பேர் வந்தார்கள், மூவரும் சாப்பிட வந்தவர்கள். அதில் ஒரு தாத்தா போன மாதமும் வந்தார். மனையைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் நேராகச் சாப்பாட்டுப் பந்தலுக்குப் போனார். இந்த லேஅவுட்டில் நான் மதிக்கிற ஒரே ஆள் அவர்தான்.

அம்மா யாரும் பார்க்காத நாளிலும் கோலம் போடுகிறாள். எதற்கு என்று கேட்டேன். "வாசல் காலியா கீது, அதான்." யார் வாசல் என்று கேட்டேன். அடுத்த புள்ளியை வைத்தாள்.

எல்லா வீடும் விற்றுவிட்டால் நமக்கு ஒரு வழி பண்ணுகிறேன் என்று தீனா சார் சொல்லியிருக்கிறாராம். என்ன வழி? அது அம்மாவுக்கும் தெரியாது. ‘ஒரு வழி’ என்பதை அவள் வீடு என்று எடுத்துக்கொண்டாள். கொல்லையில் முருங்கைக் குச்சி ஊன்றியிருக்கிறாள்.

ஆகஸ்ட் 29, வெள்ளி

ஹேமலதா டீச்சர் வீட்டுக் கிரகப்பிரவேசம். எங்களுக்கு எதிர் வரிசை. நேற்றே அம்மா போய்க் காய் நறுக்கிக் கொடுத்தாள். மாவிலைத் தோரணம் கட்டியது அப்பா. பந்தியில் டீச்சர் தன் சொந்தக்காரர்களிடம் அம்மாவின் தோளைப் பிடித்து நிறுத்தி, "இவங்களைப் பாத்துதான் நாங்க இந்த இடத்தையே வாங்கினோம்" என்றார்.

அம்மாவின் முகம் பூரித்துப்போயிருந்ததை நான் பார்த்தேன். கோபத்தில் இனிப்பை இலையிலேயே விட்டுவிட்டேன்.

செப்டம்பர் 14, ஞாயிறு

இப்போது உண்மையிலேயே ஆள் இருக்கிறது. டீச்சர் வீடு, மூலையில் ஒரு ரயில்வேக்காரர், இன்னும் இரண்டு வீடு. நான்கு குடும்பம், எங்களோடு ஐந்து. அதற்குள் நலச் சங்கம். சுந்தரேசன் சார் செயலாளர். மூத்த குடியிருப்பாளர் என்று அம்மாவை மகளிர் குழுத் தலைவி ஆக்கிவிட்டார்கள். வெளியூரில் இருக்கும் மனைக்காரர்களையும் சேர்த்து வாட்ஸாப் குழு ஆரம்பித்தாயிற்று. அதில் தினமும் பூப்படத்தோடு காலை வணக்கம். பிறகு விதிகள். தனி ஆட்களுக்கு வாடகைக்கு விடக் கூடாது. வேலைக்கு வருகிறவர்கள் பூங்கா பெஞ்சில் உட்காரக் கூடாது. வெளியாள் குழந்தைகள் ஊஞ்சலில் ஏறக் கூடாது.

எல்லாவற்றுக்கும் அம்மா தலையாட்டினாள். ரித்திகா அப்போது ஊஞ்சலில் ஆடிக்கொண்டிருந்தாள்.

சங்கத்தின் நோட்டீஸ், கடிதம் எல்லாம் எழுத ஒரு படித்த பெண் இருப்பது வசதி என்று டீச்சர் சொல்லி, தன் வீட்டு லேப்டாப்பைக் கொடுத்தார். இது ஓடுகிறது.

செப்டம்பர் 25, வியாழன்

கிழக்கே, எங்கள் காம்பவுண்டுக்கு அந்தப் பக்கம் அரசுப் புறம்போக்கு. இன்று காலை அங்கே ஒரு போர்டு நட்டார்கள், ஒரு பொக்லைன் வந்து நின்றது. வாரியக் குடியிருப்பு வரப்போகிறது. மூன்று மாடி, நூற்றுச் சொச்சம் வீடு.

மத்தியானம் அமுதா சித்தியிடமிருந்து அம்மாவுக்கு போன். பட்டியலில் பெயர் வந்துவிட்டதாம். சித்தி வேலை பார்க்கும் தொழிற்சாலை கேன்டீன் இங்கிருந்து ஒரே பஸ். அழுதுகொண்டே பேசினாள். ஸ்பீக்கரில் எனக்கும் கேட்டது. "யக்கா, நீ இந்தாண்ட, நான் அந்தாண்ட. செவுத்துக்கு மேல கொழம்பு குடுத்துக்கலாம்."

அம்மா நல்லது, நல்லது என்று மட்டும் சொன்னாள்.

சாயங்காலம் சங்க வாட்ஸாப்பில் காலை வணக்கம் போடுகிற பூ மனிதர்கள் எல்லாரும் விழித்துக்கொண்டார்கள். திருடர்கள் வருவார்கள், கஞ்சா வரும், மனை விலை பாதியாகும், பெண் பிள்ளைகள் வெளியே போக முடியாது. அமெரிக்காவில் இருக்கும் ஒரு மனைக்காரர் எழுதியது: ‘அந்த மாதிரி ஜனங்க வந்தா அப்புறம் நாம குடும்பமா இருக்க முடியாது.’ அதற்குப் பதினெட்டு கைகூப்பல்கள்.

அந்த மாதிரி ஜனம் மாடியில் உட்கார்ந்து அதைப் படித்துக்கொண்டிருந்தது.

அக்டோபர் 5, ஞாயிறு

பூங்காவில் கூட்டம். தீனா சாரும் வந்திருந்தார். கலெக்டர் ஆபீஸில் திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாள். வரும் வாரம் விட்டு அடுத்த வாரம் எல்லாருமாகப் போய் மனு கொடுப்பது என்று முடிவு. முன்னால் யார் நிற்பது? ஆம்பளைகள் போனால் விலைக்காக வந்திருக்கிறார்கள் என்பார்கள், ஒரு குடும்பப் பெண் பேசினால்தான் எடுபடும் என்றார் சுந்தரேசன் சார். எல்லாரும் அம்மா பக்கம் திரும்பினார்கள்.

அம்மா தனக்குப் பேச வராது என்றாள். தீனா சார் அவளைத் தனியாகக் கூப்பிட்டார். பக்கத்தில் நான் இருந்தேன். குரலை உயர்த்தவே இல்லை அவர்.

"கஸ்தூரிம்மா, நீங்க இந்த வீட்ல இருக்கறதுக்கு அர்த்தமே இதுதான். இது முடியட்டும், உங்க விஷயத்த நான் முதலாளிகிட்ட பேசறேன். இல்லேன்னா, நான் வேற ஆள் வெச்சுக்கறதா?"

வீட்டுக்கு வந்ததும் அம்மாவைக் கேட்டேன், சித்தியை எதிர்த்து மனுக் கொடுக்கப் போகிறாயா என்று. அப்பா குறுக்கே வந்தார். "வாய வெச்சினு சும்மா இரு. அவளுக்கு இங்க இல்லேன்னா வேற எங்கனா குடுப்பான் கவர்மென்ட்டு. நமக்கு எவன் குடுப்பான்?"

அம்மா என்னைப் பார்த்துக் கேட்டாள், "நீ இன்னாடி சொல்ற? திரும்பி ஆறாவது மாடிக்குப் போலாமா? சொல்லு, போலாம்."

எல்லாப் பழியையும் என் தலையில் வைக்கப் பார்க்கிறாள். நான் என் அறைக்குப் போய்த் தாழ் போட்டுக்கொண்டேன்.

அக்டோபர் 9, வியாழன்

மனு தயாராகிவிட்டது. இரண்டு பக்கம். ‘நாற்பது குடும்பங்கள் அமைதியாக வாழ்ந்துவரும் இப்பகுதியின் சமூகச் சூழல் சீர்குலையும் அபாயம்’ என்ற வரியை சுந்தரேசன் சார் இரண்டு தடவை சத்தமாகப் படித்தார். ‘பெண்களும் குழந்தைகளும் அச்சமின்றி நடமாடும் உரிமை’ என்ற வரிக்கு டீச்சர் கண்கலங்கினார். மொழி சுத்தமாக இருந்தது. ஒரு எழுத்துப் பிழை இல்லை. ஒரு மனு எப்படி இருக்க வேண்டுமோ அப்படி இருந்தது. யார் எழுதினால் என்ன, எப்படியும் எழுதப்பட்டிருக்கும்.

முதல் கையெழுத்து அம்மாவுடையது.

அக்டோபர் 13, திங்கள்

கம்பெனி வேனிலேயே போனோம். அப்பா ஓட்டினார். டீச்சர் அம்மாவுக்குத் தன் பட்டுப் புடவை ஒன்றைக் கட்டக் கொடுத்திருந்தார், சாதாரணப் பட்டுதான், வீட்டுக்காரம்மா மாதிரி தெரிய வேண்டும் என்பதற்காக.

கலெக்டர் ஆபீஸ் வராந்தா முழுக்க ஜனம். எங்களுக்குக் கொடுத்த டோக்கன் வர நேரமாகும் என்றார்கள். பெஞ்சில் இடமில்லை. அந்தப் பெஞ்சில்தான் அமுதா சித்தி உட்கார்ந்திருந்தாள்.

பொக்லைனை நிறுத்திவிடுவார்கள் என்ற பேச்சு அங்கேயும் போயிருக்கிறது. வீடு கிடைக்கவேண்டியவர்கள் இருபது முப்பது பேர், சீக்கிரம் கட்டச் சொல்லி மனுக் கொடுக்க வந்திருந்தார்கள். சித்தி கேன்டீன் யூனிஃபார்மிலேயே இருந்தாள். அம்மாவை அவள் முதலில் பார்த்தாள். பிறகு புடவையை. பிறகு பக்கத்தில் நின்ற டீச்சரை.

டீச்சர் அம்மாவின் காதருகே குனிந்தார். ரகசியம் பேசத் தெரியாத வாத்தியார் குரல். "பாத்தீங்களா, இவங்கதான் வரப்போறாங்க. எப்படி உக்காந்திருக்காங்க பாருங்க."

சித்தி காதில் விழுந்தது. அவள் வாய் சாதாரண வாய் இல்லை. ஆற்றங்கரையில் போலீஸ்காரனையே பேச்சில் ஓடவிட்டவள். அவள் வாயைத் திறந்தால் போதும், எல்லாம் முடிந்துவிடும். நான் வேண்டிக்கொண்டேன். அவள் திறக்க வேண்டும் என்றா, கூடாது என்றா, இப்போது யோசித்தாலும் தெரியவில்லை.

சித்தி எழுந்தாள். அம்மாவை முன்பின் பார்க்காதவளைப் போலப் பார்த்தாள்.

"உக்காருங்கம்மா. எவ்ளோ நேரம் நின்னுகினே இருப்பீங்க."

பிறந்ததிலிருந்து அம்மாவை அவள் ‘ங்க’ போட்டுப் பேசி நான் கேட்டதில்லை. அம்மா உட்கார்ந்தாள். உட்கார்ந்துவிட்டாள். சித்தி தூணோரம் போய் எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டாள்.

டீச்சர் எனக்குச் சொன்னார், "பரவால்ல, மரியாதை தெரிஞ்ச பொம்பள."

உள்ளே அம்மா பேசினாள். நன்றாகப் பேசினாள். இரண்டு வருஷமாக இருக்கிறோம் சார், பொம்பளப் பிள்ளை வைத்திருக்கிறேன், மாடியில் உட்கார்ந்து வேலை செய்கிறாள், பயமாக இருக்கிறது. அதிகாரிகள் தலையசைத்தார்கள். பயத்தை அவள் நடிக்கவில்லை. அது நிஜம். அவர்கள்தான் எதற்கு என்று கேட்கவில்லை.

திரும்பும்போது வேனில் எல்லாருக்கும் டீச்சர் புளியோதரை கொடுத்தார். ருசியாக இருந்தது என்று சொன்னார்கள்.

அக்டோபர் 14, செவ்வாய்

சித்தி போனை எடுக்கவில்லை.

அக்டோபர் 19, ஞாயிறு

நாளை தீபாவளி. ரித்திகாவை அனுப்ப முடியாது என்று சித்தி அப்பாவிடம் சொல்லி அனுப்பிவிட்டாள். தீனா சார் வேறு குழந்தை ஏற்பாடு செய்தார், அவருக்குத் தெரிந்த ஒரு டிரைவரின் மகன். அவனுக்கு சைக்கிள் ஓட்டத் தெரியவில்லை. விழுந்து முட்டியைப் பேர்த்துக்கொண்டான். வந்திருந்த ஒரு அம்மா பதறிப்போய் என் அம்மாவிடம், பேரனுக்கு மருந்து போடுங்கள் என்றார். அம்மா அவன் பெயர் என்ன என்று மெதுவாக என்னைக் கேட்டாள். எனக்கும் தெரியவில்லை.

அக்டோபர் 26, ஞாயிறு

பொக்லைன் போய்விட்டது. போர்டும் இல்லை. வேறு இடம் பரிசீலனையில் இருப்பதாக சுந்தரேசன் சாருக்கு யாரோ போனில் சொல்லியிருக்கிறார்கள். பூங்காவில் பாராட்டுக் கூட்டம், கேசரி, காபி. அம்மாவுக்குப் பொன்னாடை. தைரியமான பெண்மணி என்றார்கள்.

சித்தியின் வீட்டை நாற்பது பேர் சேர்ந்து பிடுங்கினார்கள். அதில் முப்பத்தைந்து பேர் இங்கே ஒருநாள்கூடத் தூங்கியதில்லை. பிடுங்கிவிட்டுக் கேசரி சாப்பிடுகிறார்கள், நெய் கொஞ்சம் குறைச்சல் என்கிறார்கள். இவர்களை என்ன செய்வது? எனக்குத் தெரிந்த கெட்ட வார்த்தை எல்லாம் ஆற்றங்கரையில் கற்றது. அதெல்லாம் இவர்களுக்குப் பத்தாது.

அம்மா பொன்னாடையை மடிக்காமல் கட்டிலில் போட்டிருக்கிறாள்.

அக்டோபர் 29, புதன்

தீனா சார் வந்தார். சிரித்த முகம். வாரிய வீடு வராது என்று தெரிந்ததும் மிச்சமிருந்த வீடெல்லாம் ஒரே வாரத்தில் போய்விட்டதாம். மாதிரி வீட்டை ஒரு டாக்டர் வாங்கிவிட்டார். கார்த்திகையில் பால் காய்ச்ச வருகிறார்கள்.

"பெயின்ட் அடிக்கணும், அதனால கொஞ்சம் சீக்கிரமா காலி பண்ணிக் குடுத்திடுங்கம்மா."

முதலாளியிடம் பேசுவதாகச் சொன்னீர்களே என்று அம்மா கேட்டாள். பேசினேனே, என்றார். வேனை அப்பாவே ஓட்டலாம், அதற்கு ஒன்றும் பிரச்சினை இல்லை என்றார். போகும்போது ஃபிரிட்ஜ் ஸ்டிக்கர் இருக்கிறதா என்று எட்டிப் பார்த்தார்.

நான் கத்தினேன். தீனா சாரிடம் அல்ல, அவர் போன பிறகு அம்மாவிடம். உன் தங்கச்சியை விற்று வாங்கினாயே, எங்கே வீடு, எங்கே வீடு என்று கேட்டேன். அம்மா என்னை அடிக்கவில்லை. அடித்திருக்கலாம்.

நவம்பர் 1, சனி

அம்மா டீச்சர் வீட்டுக்குப் போனாள். சங்கம் சொன்னால் கம்பெனி கேட்கும், ஓர் ஓரத்தில் எங்காவது இருக்க விடுவார்கள் என்று அவளுக்கு ஒரு நம்பிக்கை. அதற்கு உண்மையைச் சொல்ல வேண்டும். நானும் கூடப் போனேன்.

டீச்சர் காபி கொடுத்தார். அம்மா எல்லாவற்றையும் சொன்னாள். வீடு எங்களுடையது இல்லை. திருவண்ணாமலை இல்லை. வாரிய வீடு, ஆறாவது மாடி. பெஞ்சில் எழுந்து இடம் கொடுத்தவள் என் கூடப்பிறந்தவள்.

டீச்சர் தன் டம்ளரைக் கீழே வைத்தார். ஏமாற்றிவிட்டீர்களே என்று கத்துவார் என நினைத்தேன். அம்மாவின் கையைப் பிடிப்பார் என்று, வெட்கத்தோடு சொல்கிறேன், ஒரு கணம் அதையும் நினைத்தேன். அவர் உள்ளே போய் சுந்தரேசன் சாரைக் கூப்பிட்டு வந்தார். அவரிடம் முதலில் சொன்னது இதுதான்:

"அப்ப மனுல மொத கையெழுத்தே ஓனர் இல்லீங்க."

சுந்தரேசன் சார் நாற்காலியில் உட்கார்ந்தார். நாற்பது குடும்பம் என்று போட்டிருக்கிறதே என்றார். யாராவது வந்து எண்ணினால் என்ன ஆகும் என்று இரண்டு பேரும் எங்களை மறந்து பேசிக்கொண்டார்கள். "வினோதினிதானே எழுதினா, அவளுக்குத் தெரியும்ல, ஏன் நாற்பதுன்னு போட்டா?" என்று டீச்சர் நடுவில் கேட்டார். சுந்தரேசன் சார்தான் நாற்பது என்று போடச் சொன்னார். அதை அவர் சொல்லவில்லை.

பிறகு சுந்தரேசன் சார் தொண்டையைச் செருமிக்கொண்டார். பம்ப் ரூமை ஒட்டி ஓர் அறை சும்மா இருக்கிறது, ஷீட் போட்டது. கேர்டேக்கர் என்று நீங்கள் இருந்துகொள்ளலாம். பூங்காவைப் பெருக்கி, மோட்டார் போட்டு, கேட்டைப் பார்த்துக்கொண்டால் போதும். சங்கத்தில் நான் பேசிக்கொள்கிறேன். ஆனால் இப்போது சொன்னதை வேறு யாரிடமும் சொல்ல வேண்டாம்.

"உங்களுக்கும் நல்லது, எங்களுக்கும் நல்லது. என்ன சொல்றீங்க கஸ்தூரி?"

இதுவரை அவர் ‘கஸ்தூரியம்மா’ என்றுதான் கூப்பிடுவார்.

யோசித்துச் சொல்வதாக அம்மா எழுந்தாள். காபி டம்ளரைத் தானே கொண்டுபோய்க் கழுவி வைக்கப் போனாள். டீச்சர் தடுக்கவில்லை. முன்பெல்லாம் தடுப்பார்.

நவம்பர் 2, ஞாயிறு

அப்பா ஒத்துக்கொள்ளச் சொல்கிறார். தலைக்கு மேல் ஷீட்டாவது இருக்கிறது, வேன் வேலை இருக்கிறது, வாயைத் திறந்தால் இரண்டும் போகும். அவர் சொல்வது நியாயம்தான், அதனால்தான் எரிச்சலாக இருக்கிறது.

இன்று மிச்ச மனைகளைக் காட்ட வேன் வந்தபோது அம்மா வெளியே வரவில்லை. தீனா சார் கதவைத் தட்டினார். அவள் சமையலறையில் வஞ்சிரம் வறுத்துக்கொண்டிருந்தாள். ஜன்னல் எல்லாம் திறந்திருந்தது. வந்தவர்கள் மூக்கைப் பொத்தவில்லை, ஒருத்தர் பசிக்கிறது என்றார்.

சாயங்காலம் அம்மா சொன்னாள், "நாளிக்கு திங்கக்கெழம. கலெக்டர் ஆபீஸ் போறேன்."

நான் உடனே, மனு எழுதித் தருகிறேன் என்றேன்.

"நீ எழுத வாணாம்" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

நவம்பர் 3, திங்கள்

பஸ்ஸில் போனோம். அப்பா வரவில்லை, தடுக்கவும் இல்லை. அம்மா பழைய நைலக்ஸ் புடவை கட்டியிருந்தாள். அதே வராந்தா. சித்தி வந்திருந்தாள். அம்மா எப்படியோ சொல்லி அனுப்பியிருக்கிறாள். சித்தி வெளியே வேப்பமரத்தடியிலேயே நின்றுகொண்டாள். உள்ளே வந்தால் கத்திவிடுவேன் என்று என்னிடம் மட்டும் சொன்னாள்.

டோக்கன் வந்தது. மேஜைக்கு எதிரே ஒரு அதிகாரி, பக்கத்தில் கட்டுக் கட்டாகக் காகிதம். மனு எங்கே என்றார். மனு இல்லை, போன மாதம் கொடுத்த மனு தப்பு என்று சொல்ல வந்தேன் என்றாள் அம்மா. அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"அதுல நாப்பது குடும்பம்னு போட்டுக்குது சார். அங்க குடியிருக்கறது அஞ்சு. அந்த அஞ்சுல ஒண்ணு நாங்க. நாங்க ஊடு வாங்கினவங்க இல்ல, ஆள் இருக்கற மாதிரி காட்டறதுக்கு கம்பெனி வெச்சவங்க. எங்களுக்கு யாருகிட்டயும் பயம் கெடையாது. அந்த எடத்துல ஊடு குடுக்கறதா சொன்னது எங்க ஜனத்துக்குதான். என் தங்கச்சிக்கும் பேரு இருக்குது."

அறையில் இருந்த இன்னும் இரண்டு பேர் எழுதுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். அதிகாரி ஒருவரை அனுப்பிப் பழைய மனுவை எடுத்துவரச் சொன்னார். வந்தது. அவர் அதை முழுதாகப் படித்தார். கம்பெனி பெயரைக் குறித்துக்கொண்டார். இடத்தை நேரில் வந்து பார்க்கச் சொல்கிறேன், ஆனால் நீங்கள் சொன்னதை எழுத்தில் கொடுக்க வேண்டும், இங்கேயே ஒருவர் எழுதிக்கொள்வார், கையெழுத்துப் போடுங்கள் என்றார். அம்மா போட்டாள். கையெழுத்துக்குக் கீழே முகவரியில் வாரிய வீட்டுக் கதவு எண்ணைச் சொன்னாள்.

நாங்கள் எழுந்தபோது அவர் பழைய மனுவை மறுபடி கையில் எடுத்தார்.

"இவ்ளோ நல்லா எழுதியிருக்கே. யாரும்மா எழுதினது?"

அம்மா என் பக்கம் திரும்பவில்லை. "தெரியல சார். அங்க படிச்சவங்க யாரோ."

அதிகாரி என்னைப் பார்த்தார். நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

வெளியே வந்தோம். அம்மாவின் போனில் அப்பா நான்கு தடவை கூப்பிட்டிருந்தார். திரும்பக் கூப்பிட்டதும், வேன் சாவியை வாங்கிக்கொண்டார்கள் என்றார், சாமானை வாசலில் எடுத்து வைத்துக்கொண்டிருக்கிறேன் என்றார். இதற்குள் எப்படித் தெரிந்தது? யார் சொன்னது? டீச்சரா? கேட்டால் சங்க நலனுக்காக என்பார்.

சித்தி மரத்தடியிலிருந்து வந்தாள். அம்மாவுக்கு இரண்டடி முன்னால் நின்றாள்.

"இன்னா சொன்ன?"

"இருக்கறத சொன்னேன்."

சித்தி மோவாயை என் பக்கம் அசைத்தாள். "இவ?"

அம்மா என்னை அப்போதுதான் பார்த்தாள்.

"அவ ஒண்ணும் சொல்லல."